பெருமாயிக்கு வாய்த்த இனிஷியல்

மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டில் கீரைக்காடு என்ற சிற்றூரில் வாழும் பெருமாயி ஓர் ஆங்கில எழுத்துக்குச் சொந்தக்காரர். அந்த எழுத்து A. அதை அவர் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் இருந்த திசையில் மாடுதான் மேய்த்திருக்கிறார். எழுத்தைக் கடப்பாறையால் இடித்து வாங்கினார்.

ஏழாம் நம்பர் வீடு அவருடைய மாமனார் கட்டியது. மாமனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் சின்னராசு, பெருமாயியின் கணவர். இளையவர் அர்த்தனாரி. மிளகு பறிக்க ஏறிய சின்னராசு சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு அர்த்தனாரி ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார். ஒண்டிக்கட்டையான பொம்பளைக்குத் தனி அடுப்பு எதற்கு, எல்லாம் ஒரே அடுப்பில் வேகட்டுமே என்பது கொள்கை. அந்த அடுப்புக்கு விறகு பொறுக்குவது பெருமாயி, அதில் வேகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விளைவது பெருமாயியின் காட்டில், எடுத்துப் பரிமாறுவது மட்டும் அர்த்தனாரியின் மனைவி கண்ணாயி என்பவையெல்லாம் அந்தக் கொள்கையின் உட்பிரிவுகள்.

பெருமாயி கொஞ்ச காலம் பொறுத்தார். பொறுமை அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் சீக்கிரமே அலுத்துவிட்டது. ஒருநாள் காலையில் கூடத்தின் நடுவே மண் குழைத்துச் சுவர் வைக்க ஆரம்பித்தார். சுவர் காய்ந்ததும், ரோட்டைப் பார்த்த பக்கத்தில் கடப்பாறையைப் போட்டு இடித்து, தனக்கென ஒரு வாசலைத் திறந்தார். அர்த்தனாரி போட்ட சத்தத்துக்குப் பக்கத்துச் சரிவில் மேய்ந்த ஆடுகள்கூடக் கலைந்து ஓடின. சுவர் மட்டும் அசையவில்லை. பிறகு வீட்டுவரி போட வந்தவர் ஒரே கூரைக்கு இரண்டு வாசல் இருப்பதைக் கண்டு சற்று யோசித்து, ஒன்றின் மேல் 7 என்றும் மற்றதன் மேல் 7A என்றும் எழுதிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பெருமாயிக்குத் தனி ரசீது, தனி மீட்டர், தனி ரேஷன் கார்டு. ஒருவர் தனி மனுஷி என்பதற்கு அரசாங்கம் தரும் அத்தாட்சிகள் அவ்வளவுதான். அவ்வளவும் அந்த ஒற்றை எழுத்தின் மேல் நின்றன. வரி கட்டப் போனால் "ஏழுங்க" என்று சொல்லி ஒரு மூச்சு விடுவார். எழுதுபவர் ஏழு என்று எழுதி முடித்ததும், "ஏ" என்பார். அந்த ஏயில் ஒரு அதட்டல் இருக்கும்.

அவருடைய கோபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது எப்போதாவது வந்து போகிற கோபமில்லை, குடியிருக்கிற கோபம். காலையில் கோழியில் தொடங்கும். பஸ் கண்டக்டர், மிளகு எடை போட வரும் வியாபாரி, சாரல், செல்போன் டவர் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமலில் வந்து முடியும். ஊரார் அதற்குப் பழகியிருந்தார்கள். அவர் ஒருநாள் சத்தம் போடாவிட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

இப்படியிருக்கையில் மலைக்குச் சீர் வந்தது. முகவரிச் சீரமைப்பு என்பது அதன் முழுப் பெயர். கீழே ஏதோ ஒரு நகரத்துக் கம்பெனி அதை ஒப்பந்தம் எடுத்திருந்தது. மலைவீடுகளின் விவரமெல்லாம் கண்டபடி எழுதப்பட்டிருக்கிறது, அதை ஒரே ஒழுங்காக்கி ஒரே பெட்டிக்குள் வைக்கப் போகிறோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். ஊரார் காதில் சீர் என்ற பகுதி மட்டும் தெளிவாக விழுந்தது. சீர் என்றால் தட்டு, தேங்காய், மேளம். யாருக்குக் கல்யாணம் என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவ்வளவு பொருத்தமானது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தது ரேஷன் கடையில். விற்பனையாளர் ராசப்பனுக்கு எதையும் உரக்கப் படிக்கும் பழக்கம் உண்டு. பெருமாயி கார்டை நீட்டினார். இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. ராசப்பன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வரிசை முழுவதும் கேட்கும்படி படித்தார்.

"கதவு எண் ஏழு. குடும்பத் தலைவர் அர்த்தனாரி. மனைவி, அ. பெருமாயி."

வரிசையில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் நின்ற ஒருவர் மட்டும் இருமினார். அந்த இருமலும் பாதியில் நின்றுவிட்டது.

பெருமாயி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர்தான், ஆனாலும் அந்த அ அவருக்குத் தெரிந்தது. ஏழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவருடைய எழுத்து, இடம் பெயர்ந்து, தமிழுக்கும் மாறி, அவர் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துக்கொண்டு நின்றது. செத்துப்போன கணவரின் எழுத்து நிற்க வேண்டிய இடம் அது. அங்கே இப்போது கொழுந்தனின் எழுத்து.

"இதை யாரு போட்டது?"

"நானில்லீங்க அக்கா. மேல இருந்து வருது," என்றார் ராசப்பன், ஓரடி பின்னால் நகர்ந்து. அரிசி வேண்டுமானால் குடும்பத் தலைவர் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லியாக வேண்டியிருந்தது. அதை மிகவும் மெதுவாகச் சொன்னார். ராசப்பன் மெதுவாகச் சொன்ன முதல் வாக்கியம் அது என்று வரிசையில் இருந்தவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

குடும்பத் தலைவர் மறுநாளே வந்து கைரேகை வைத்தார். இரண்டு வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கட்டி ஏழாம் நம்பருக்குள் கொண்டுபோய் இறக்கினார். பிறகு சுவரை ஒட்டி நின்றுகொண்டு, கம்ப்யூட்டரே ஒரே ஊடுன்னு சொல்லிருச்சு, இனி இந்தச் சுவர் எதுக்கு என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டார். வாசலூர்பட்டி ஏரிக்குப் படகுச் சவாரி போக வரும் கூட்டம் ராத்தங்க இடம் தேடி அலைகிறது. சுவரை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் இரண்டு அறை போட்டு, டைல்ஸ் ஒட்டி, வாடகைக்கு விடலாம். இந்த எண்ணம் அர்த்தனாரிக்கு ரொம்ப நாளாக இருந்தது. குறுக்கே நின்றது ஓர் எழுத்துதான். அதைக் கம்பெனிக்காரன் கூலி வாங்காமல் பிடுங்கிக் கொடுத்துவிட்டான்.

அந்த ராத்திரி பெருமாயி அரிசி இல்லாமல் கிழங்கை வேகவைத்துத் தின்றார். தின்னும்போதும் திட்டினார்.

சீரமைப்பில் குறை உள்ளவர்களுக்காக வாசலூர்பட்டியில், ஏரிக்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் முகாம் போட்டார்கள். பெருமாயி பஸ் ஏறினார். அதே பஸ்ஸில் கண்ணாயியும் ஏறினாள்.

கண்ணாயிக்கும் காரணம் இருந்தது. ஒரு தலைவருக்கு ஒரு மனைவி என்பது அந்த இயந்திரத்தின் ஒழுக்கம். ஒரே வீட்டில் அ. பெருமாயி, அ. கண்ணாயி என்று இரண்டு பேர் நின்றதும், அது வயதில் மூத்தவரை மனைவியாக்கிவிட்டு இளையவளைப் பிற உறுப்பினர் என்ற கட்டத்தில் தள்ளிவிட்டது. மூன்று பிள்ளை பெற்றவள் பிற உறுப்பினர். இதைக் கணவரிடம் சொல்லி அழுதபோது, கம்ப்யூட்டர்லதான அப்படி, சோறு உனக்குத்தான போடறேன், கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு என்று அர்த்தனாரி சொன்னார். அதைக் கேட்டபின் சும்மா இருக்க அவள் என்ன உரலா?

ஓரகத்திகள் இருவரும் சுவர் எழும்பிய நாளிலிருந்து நேருக்கு நேர் பேசியதில்லை. அதனால் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கோழியிடம் பேசுவதுபோல் ஒருத்தி பேசுவாள், குடத்திடம் பேசுவதுபோல் மற்றவள் பதில் சொல்வாள். கீரைக்காட்டில் சாடைப் பேச்சில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. பஸ்ஸில் ஒருத்தி முன் சீட்டின் கம்பியிடமும் இன்னொருத்தி ஜன்னலிடமும் குறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த சுற்றுலாக்காரர் ஒருவர் இரண்டும் தன்னைத்தான் என்று நினைத்து அடுத்த ஊரிலேயே இறங்கிக்கொண்டார்.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் கம்பெனியின் சதீஷ்குமார் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அட்டை, முகத்தில் படித்த களை. பக்கத்தில் கணினித் தட்டச்சுக்கு மலையிலேயே வேலைக்கு எடுத்த கோகிலவாணி. பெருமாயி சீட்டை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஆடியது.

சதீஷ்குமார் பொறுமையாக விளக்கினார். அந்த விதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் விளக்கத்தில் ஒரு தகப்பன் பெருமை இருந்தது. நகரத்தில் ஜனங்கள் அவசரத்தில் இடைவெளி விடாமல் எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் எண், பஜார் தெரு என்பதை 12BAZAAR என்று ஒரே சொல்லாக ஒட்டிவிடுகிறார்கள். அதனால் எண்ணும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்தால் இயந்திரம் அதை வெட்டிப் பிரிக்கும். எண் கதவு எண் கட்டத்துக்குப் போகும். எழுத்து அடுத்த கட்டமான தெருவுக்குப் போகும். லட்சக்கணக்கான முகவரிகளை அந்த விதி ஒழுங்காக்கியிருக்கிறது.

"எங்க ஊர்ல ஏதுங்க சார் தெரு," என்றாள் கோகிலவாணி, திரையைப் பார்த்தபடியே. "காலிக் கட்டத்தை எடுத்துரச் சொன்னீங்க. எடுத்தாச்சு. அதுக்கு அடுத்தது பேருதானுங்க."

சதீஷ்குமார் சற்று நேரம் தன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மலையில் தெருவே இருக்காது என்பதை அவருடைய விதி எதிர்பார்க்கவில்லை. வெட்டுண்ட A தெருவைத் தேடிப் போய், தெரு இல்லாததால் பக்கத்தில் நின்ற பெருமாயியின் பெயரில் தொற்றிக்கொண்டது. பெயரில் A, அதே வீட்டில் A என்று தொடங்கும் ஆண் தலைவர், இவர் வயது வந்த பெண். மிச்சத்தை இயந்திரமே ஊகித்துக்கொண்டது. தரகர் இல்லை, ஜாதகம் இல்லை, பெண்ணைக் கேட்கவும் இல்லை.

பெருமாயிக்கு இதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

"நம்பரையும் எழுத்தையும் பிரிக்கறேன்னு சொல்லிப்போட்டு, என்னையும் அந்த நாசமாப் போறவனையும் ஒட்ட வெச்சிருக்கறயா? நான் சொமந்த மண்ணு எவ்வளவு தெரியுமா சாமி உனக்கு, அந்தச் சுவத்துக்கு?"

"அம்மா, அது ரூல் மா. நாங்க ஒண்ணும் வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணீருந்தாக்கூட ஒருத்தனைப் புடிச்சுத் திட்டலாம். ஆருமே பண்ணாம என்ற தாலி எப்படி மாறுது?"

சீட்டுடன் காத்திருந்த சின்னுசாமி என்பவரும் தலையைத் தூக்கினார். அவர் வீட்டு எண் 12C. இப்போது அவர் C. சின்னுசாமி. அப்பன் பெயர் வெள்ளையன். செத்துப்போன வெள்ளையன் இனி எந்தக் கட்டத்தில் போய்ச் சேர்வார் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். கேட்கும் தைரியம் இப்போதுதான் அவருக்கு வந்தது. ஆனால் பெருமாயி இடம் விடவில்லை.

பழையபடி 7A என்று போடு என்றார். கோகிலவாணி போட்டுக் காட்டினாள். பொத்தானை அமுக்கியதும் A தானாகக் கழன்று, பழகிய பாதையில் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. இடைவெளி விட்டுப் போட்டாள். போனது. எழுத்தை முன்னால் வைத்து A7 என்று போட்டாள். அப்போதும் வெட்டிக்கொண்டு போனது. விதியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா என்று கேட்டதற்கு, அது மாநிலம் முழுக்க ஓடுகிறது, ஒரு வீட்டுக்காக நிறுத்த முடியாது என்றார் சதீஷ்குமார். அப்படியானால் என் வீட்டின் மேல் ஏன் ஓட்டினாய் என்று பெருமாயி கேட்டார்.

கடைசியில் சதீஷ்குமாரே ஒரு வழி சொன்னார். கீரைக்காட்டில் முப்பத்தொன்று வரை எண்கள் இருக்கின்றன. பெருமாயிக்குப் புதிதாக முப்பத்திரண்டு கொடுத்துவிடலாம். எழுத்தே இல்லை, வம்பும் இல்லை. தனி வீடு, தனி கார்டு.

பெருமாயி யோசித்தார். எழுத்து போனால் போகட்டும், அடுப்பு தனியாக எரிந்தால் சரி என்று ஒரு கணம் மனம் தளர்ந்ததும் உண்மைதான். அப்போது வாசற்படிக்கு அருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நல்ல ரோசனைங்க சார். அதையே போட்டுருங்க."

அர்த்தனாரி. பைக்கில் பின்னாலேயே வந்து, செருப்பைக் கழற்றாமல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பெருமாயிக்கு நல்லதாக முடியும் எதையும் அவர் இதுவரை நல்லது என்று சொன்னதில்லை. அவர் முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்த்ததும் பெருமாயியின் தளர்ந்த மனம் மறுபடி விறைத்துக்கொண்டது.

"முப்பத்திரண்டு எங்க கண்ணு இருக்குது?" என்று கோகிலவாணியிடம் கேட்டார்.

"எங்கயும் இல்லீங்க அக்கா. வெறும் நம்பருதான்."

"அதான பாத்தேன். நாளைக்கு இவன் என்னையப் பாத்து, உன்ற ஊடு முப்பத்திரண்டு, இது ஏழு, இங்க உனக்கென்ன சோலி, போயி முப்பத்திரண்டைத் தேடுன்னு சொல்லுவான். ஏழுல பாதி என்ற புருசன் பாகம். ஏழு இல்லாத நம்பரு எனக்கு வேண்டாம்."

அர்த்தனாரியின் முகத்திலிருந்த பிரியம் வடிந்தது. அவர் அப்படியெல்லாம் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்யத் தொடங்கினார். யாரும் சத்தியம் கேட்காதபோதே செய்தார். அதிலிருந்து சதீஷ்குமாருக்கே விஷயம் விளங்கிவிட்டது.

இதுவரை கண்ணாயி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தாள். கணவர் மேல் ஒரு கோபம், இயந்திரத்தின் மேல் ஒரு கோபம், முப்பத்திரண்டை வாங்கித் தொலைத்துத் தன்னைப் பழையபடி மனைவியாக விடாத ஓரகத்தியின் மேல் தனியாக ஒரு கோபம். அவள் தலையைத் தூக்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏழாம் நம்பரு ஊட்டுல காலு வெச்ச அன்னைக்கே புடிச்ச ஏழரை. நம்பரு மாத்துனா உட்டுருமாக்கும்?"

சனி பிடித்து ஆட்டும் ஏழரை ஆண்டுகளை ஓரகத்தியின் தலையில் கட்டிய அந்தச் சாடைக்கு மண்டபம் முழுவதும் சிரித்தது. அதுவரை அடக்கியதையெல்லாம் சேர்த்துச் சிரித்தது. பெருமாயி திரும்பி, மின்விசிறிக்குக் கொடுக்க வேண்டிய பதிலைத் திரட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் கோகிலவாணியின் விரல்கள் விளையாட்டாக ஏழு, புள்ளி, ஐந்து என்று தட்டிவிட்டன. பொத்தானை அமுக்கினாள். எதுவும் கழன்று ஓடவில்லை. கட்டம் பச்சையானது.

"சார், எடுத்துக்கிச்சுங்க."

சதீஷ்குமார் எட்டிப் பார்த்தார். கதவு எண்: 7.5. இதெப்படி என்றார்.

"எழுத்தே இல்லீங்களே சார். வெட்டறதுக்கு என்னங்க இருக்குது?"

ஒரு வீட்டுக்கு ஏழரை என்று எண் இருக்க முடியுமா என்று சதீஷ்குமார் யோசித்தார். கூடாது என்று அவர் எழுதிய விதிகளில் எங்கும் இல்லை. விதியில் இல்லாததைத் தடுக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

பெருமாயியின் கோபம் இப்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. ஊர் உலகத்தில் யாராவது ஏழரையைக் கேட்டு வாங்குவார்களா? தன்னைச் சனியன் என்று சொன்னவளின் வாயிலிருந்து விழுந்த எண்ணைத் தானே தூக்கிக் கதவில் மாட்டிக்கொள்வதா? அவர் திரையைப் பார்த்தார், வாசலில் நிற்பவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இதுல ஏழு இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க அக்கா. முன்னாடியே நிக்குது."

"அவன் எழுத்து?"

"இல்லீங்க. பழையபடி சி. பெருமாயின்னுதான் வந்திருக்குது. நீங்களே தலைவருன்னு போட்டிருக்குதுங்க."

"அப்ப அதையே போடு."

"வேண்டாங்க சார்," என்றார் அர்த்தனாரி. இந்த முறை அவர் குரலில் பிரியம் இல்லை. பெருமாயிக்கு அதற்கு மேல் வேறு சிபாரிசு தேவைப்படவில்லை.

கண்ணாயி தன் சீட்டில் மனைவி என்று திரும்பி வந்திருப்பதைக் கோகிலவாணியைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். நன்றி சொல்லும் நிலைமை வந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் ஆளாக வெளியே போய்விட்டாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போதும் ஒருத்தி கம்பியிடம் பேசினாள், ஒருத்தி ஜன்னலிடம் பேசினாள்.

பெருமாயி கடைவீதியில் ஒரு தகரம் வாங்கி, பெயிண்டரைப் பிடித்து, 7½ என்று கையகலத்துக்குச் சிவப்பில் எழுதச் சொல்லி, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி அடித்து மாட்டினார். ரேஷன் கடையில் ராசப்பன் வழக்கம்போல உரக்கப் படித்தார், ஏழரை வந்திருக்குதுங்க என்று. பெருமாயி, வந்தா போவாது, அளந்து போடு என்றார். அரிசி அவருடைய சாக்கில் விழுந்தது. அது அவருடைய அடுப்பில் வெந்தது. இந்த முறை விரல் வைத்ததும் அவரே.

அர்த்தனாரி சுவர் இல்லாத மாளிகைக் கனவைக் கைவிட்டு, தன் பாதியிலேயே ஓர் அறைக்கு டைல்ஸ் ஒட்டி, போனில் விளம்பரம் கொடுத்தார். சேலத்திலிருந்து முதல் குடும்பம் காரில் வந்தது. ஏழு எங்கே என்று தேடி, ஏழரைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியது. பின் சீட்டில் இருந்த பெரியவர் தகரத்தைப் படித்தார். உள்ளே யாரோ கோழியைத் திட்டும் சத்தமும் கேட்டது. அவர் ஏற்கெனவே சனிக்குப் பரிகாரம் செய்துகொண்டிருந்தவர் போலும். யாரும் இறங்காமலேயே வண்டி திரும்பியது. அடுத்த வாரம் வந்த வண்டியும் திரும்பியது.

ஒரு மாலையில் அர்த்தனாரி பெருமாயியின் பக்கத்துக்கு வந்தார். சுவர் வைத்த பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததும் இல்லை, அண்ணி என்று வாய் திறந்ததும் இல்லை. பெருமாயி முற்றத்தில் கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தப் பழைய A-வையே வாங்கிக்குங்க. எங்க வேணும்னாலும் நானே வந்து கையெழுத்துப் போடறேன். அந்தப் பலகையை மட்டும் எறக்கிருங்க. வர்ற வண்டியெல்லாம் திரும்பிப் போவுதுங்க."

எந்த எழுத்து போனதென்று அவர் சுவரோரம் நின்று மகிழ்ந்தாரோ அதே எழுத்து. பெருமாயி கத்தியை நிறுத்தினார். கொழுந்தனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை, அதுதான் அர்த்தனாரிக்குப் பயமாக இருந்தது.

"சனியங்கிட்ட நேரா வந்து நின்னு பேசறயே, பயமில்லியா உனக்கு?"

அர்த்தனாரி தகரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஏழரைன்னா ஏழரை வருசம். இப்பத்தான் மாசம் ஒண்ணு போயிருக்குது. போயி எண்ணிக்கிட்டு இரு, போ."